பீர்த் தொட்டியில் பிறந்த விஞ்ஞானம்

மேல்நாட்டு நகரங்களில் ‘டாப் ரூம்’ என்னும் ஒருவகைச் சிறு கூடத்தை இன்று பரவலாகக் காணலாம். ‘டாப்’ என்றால் குழாய். பீர் தயாரிக்கும் சிற்றாலையும், அதைக் குழாயிலிருந்து பிடித்து விற்கும் கூடமும் ஒரே கூரையின்கீழ் இருக்கும். மக்கள் அமரும் மேசைகளுக்கும் பீர் புளிக்கும் எஃகுத் தொட்டிகளுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு கண்ணாடிச் சுவர்தான் உண்டு. சில இடங்களில் அதுவும் இல்லை. புதிதாக வருகிறவர் ஒரே வகையை முழுக் குவளையாக வாங்காமல், நான்கு வகைகளைச் சிறு கிண்ணங்களில் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிண்ணங்கள் ஒரு மரப்பலகையில் வரிசையாக வைத்துத் தரப்படும். சுவரிலுள்ள கரும்பலகையில் ஒவ்வொரு பீருக்கும் நேரே ஆல்கஹால் இத்தனை விழுக்காடு, கசப்பு இத்தனை அலகு, சேர்த்த ஹாப்ஸ் இன்னது என்று எழுதியிருக்கும். கேட்டால் தயாரித்தவரே வந்து விளக்குவதும் உண்டு.

இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். 250 ஆண்டுகளுக்கு முன் இந்த அளவுகளில் ஒன்றைக்கூட எந்த ஆலைக்காரராலும் எழுதியிருக்க முடியாது. தம் தொழிலில் பாதி அவருக்கே தெரியாது. தெரிந்த பாதியை அவர் வெளியில் சொல்லமாட்டார். அந்த அறியாமை எப்படி நீங்கியது, அந்த இரகசியம் எப்படி உடைந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குடியைச் சிபாரிசு செய்வது நம் நோக்கமன்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆயினும் மருந்துகளைச் சோதிப்பதற்கும் மண்ணின் தன்மையை அறிவதற்கும் இன்று உலகெங்கும் பயன்படும் சில முறைகள் பீர் ஆலைகளில் பிறந்தவை. அந்த வரலாறு மாணவர்கள் அறியத் தக்கது.

பலகையில் நான்கு கிண்ணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பொன்னிற லாகர், செம்பு நிறப் பேல் ஏல், கருமையான போர்ட்டர், அதனினும் கருமையான ஸ்டவுட். மென்சுவையில் தொடங்கிக் கடுஞ்சுவையில் முடிப்பது சுவைப்பவர்களின் வழக்கம். வரலாற்றின் வரிசை வேறு. அது போர்ட்டரில் தொடங்குகிறது.

பீர் உண்டாகும் விதம்

முதலில் செய்முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வாற்கோதுமையை, அதாவது பார்லியை, நனைத்து முளைகட்ட வைக்கிறார்கள். முளை விட்டதும் சூட்டில் உலர்த்துகிறார்கள். இதற்கு மால்ட் என்று பெயர். முளைக்கும்போது தானியத்தினுள் நொதிகள் பெருகுகின்றன. மால்ட்டை நொறுக்கி, ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவிட்டால், இந்நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. இனிப்பான சாறு கிடைக்கிறது. அச்சாற்றுடன் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்காய்களைச் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. கிருமிகள் பலவற்றின் வளர்ச்சியும் தடைப்படுகிறது. ஆறிய சாற்றில் ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது.

இது நமக்குப் புரியாத செயலன்று. தோசை மாவு இரவில் பொங்கி வருவதும், இறக்கிவைத்த பதநீர் கள்ளாக மாறுவதும் நுண்ணுயிர்களின் வேலையே. நொதித்தல் என்று இதைக் கூறுகிறோம். ஆனால் நொதிக்கச் செய்வது ஓர் உயிர் என்பதை மனிதன் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. ஜெர்மனியின் பவேரியாவில் 1516இல் வெளியான புகழ்பெற்ற பீர்ச் சட்டம், பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் மூன்று மட்டுமே சேர்க்கலாம் என்றது. வேலை செய்யும் ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை!

முதற் கிண்ணம்: போர்ட்டர்

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் நகரின் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்தது போர்ட்டர் என்னும் கருநிற பீர். ‘போர்ட்டர்’ என்ற சொல்லே சுமைகூலி என்று பொருள்படும். நகர மக்களின் தேவைக்காக இதைத் தயாரித்த ஆலைகள் மலைபோல் வளர்ந்தன. தொட்டிகளின் பருமனுக்கு ஒரு விபத்தே சான்று. 1814 அக்டோபர் 17ஆம் நாள், மியூ கம்பெனியின் ஆலையில் 22 அடி உயரமுள்ள மரத்தொட்டி ஒன்று வெடித்தது. பாய்ந்த பீர் வெள்ளம் சுவரை உடைத்து அருகிலிருந்த ஏழைகளின் குடியிருப்பில் புகுந்து எட்டு உயிர்களைப் பலி கொண்டது.

இத்தனை பெரிய அளவில் தயாரிக்கும்போது ஒரு தொட்டி கெட்டால் நட்டம் பெரிது. ஆனால் தொழிலோ கைப்பழக்கத்தை நம்பியே நடந்தது. நீரின் சூட்டைக் கையை விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். சாற்றின் கெட்டியை நாவில் வைத்துச் சொன்னார்கள். வெப்பமானி அப்போதே உண்டு. மைக்கேல் கோம்ப்ரூன் என்பவர் பீர்த் தொழிலில் அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கி 1762இல் நூல் எழுதினார். ஆனால் மூத்த தொழிலாளிகள் அதை விளையாட்டுப் பொருளாகவே கருதினர். ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர் தம் தந்தையின் ஆலையிலேயே வெப்பமானியை ஒளித்து வைத்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது!

இதே பேவர்ஸ்டாக் 1770 வாக்கில் திரவமானியைப் பரிசோதித்துப் பார்த்தார். பால் வாங்குமிடங்களில் மிதக்கவிடும் பால்மானியை நீங்கள் பார்த்திருக்கலாம். திரவமானியும் அத்தகையதே. சாற்றில் சர்க்கரை மிகுந்தால் அடர்த்தி கூடும். கருவி மேலெழுந்து மிதக்கும். நொதித்து முடிந்தபின் மறுபடியும் அளந்தால் எவ்வளவு சர்க்கரை ஆல்கஹாலாக மாறியது என்று கணக்கிடலாம். இக்கருவியை எடுத்துக்கொண்டு அவர் இலண்டனின் பெரிய ஆலை முதலாளியான சாமுவேல் விட்பிரெட் என்பவரிடம் சென்றார். விட்பிரெட்டுக்கு அது பிடிக்கவில்லை. கற்பனைகளில் காலத்தைக் கழிக்காமல் ஒழுங்காகத் தொழிலைக் கவனிக்கும்படி புத்தி கூறி அனுப்பிவிட்டார்.

பின்னர், 1784இல், ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் இந்த அளவு முறையை நூலாக வெளியிட்டார். மெல்ல மெல்ல ஆலைகள் அதை ஏற்றன. ஏற்றதும் ஒரு வியப்பு காத்திருந்தது. அதுவரை போர்ட்டருக்கு விலை குறைந்த பழுப்பு மால்ட்டே இலாபம் என்று எண்ணியிருந்தனர். அளந்து பார்த்தால், விலை கூடிய வெளிர் மால்ட்டிலிருந்து மிகுதியான சர்க்கரை கிடைத்தது. கொடுத்த காசுக்கு அதுவே சிக்கனம்! ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின. நிறம் போயிற்று. போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர, 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளைப் பாத்திரத்தில் காப்பிக்கொட்டை போல் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஒரு போர்ட்டரைச் சுவைப்பவர் காப்பி மணத்தை உணர்கிறார் என்றால், அதற்கு ஆதிகாரணம் திரவமானி காட்டிய கணக்கு எனலாம்.

நுண்ணோக்கி வந்தது

சூட்டையும் அடர்த்தியையும் அளந்தாயிற்று. அப்படியும் பீர் கெட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏன்?

1837ஐ ஒட்டி பிரான்சில் காஞார் த லா தூர், ஜெர்மனியில் சுவான், கியூட்சிங் ஆகிய மூவர், ஒருவருக்கொருவர் தொடர்பின்றி, ஈஸ்ட் ஓர் உயிர்ப்பொருள் என்று கண்டு கூறினர். இரசாயன அறிஞர்கள் சிரித்தனர். லீபிக், வோலர் ஆகிய இருபெரும் விஞ்ஞானிகளின் பத்திரிகையில் 1839இல் ஒரு கேலிக் கட்டுரையே வெளியாயிற்று. ஈஸ்ட் என்பது வாலையைப் போன்ற உருவமுடைய ஒரு குட்டி விலங்கு, அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலைக் கழிக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. கேலியாக எழுதியது ஏறக்குறைய உண்மையாகவே முடிந்தது!

உண்மையை நிலைநாட்டியவர் லூயி பாஸ்டர். 1870–71 போரில் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றபின், ஜெர்மானிய பீருக்கு நிகரான பீரைப் பிரான்சில் உண்டாக்க வேண்டுமென்ற நாட்டுப்பற்றுடன் அவர் இவ்வாராய்ச்சியில் இறங்கினார். 1871 செப்டம்பரில் இலண்டனுக்கு வந்து ஒரு பெரிய ஆலையைப் பார்வையிட்டார். அங்கிருந்த போர்ட்டர் ஈஸ்ட்டில் ஒரு துளியை நுண்ணோக்கியின்கீழ் வைத்து, அதில் வேண்டாத கிருமிகள் கலந்திருப்பதைக் காட்டினார். பீரின் கேட்டுக்கு அவையே காரணம் என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அவர் சென்றபோது அந்த ஆலை சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கியிருந்தது. அது எந்த ஆலை தெரியுமா? நூறாண்டுகளுக்கு முன் பேவர்ஸ்டாக்கைத் திருப்பி அனுப்பிய அதே விட்பிரெட் ஆலைதான்.

தம் முடிவுகளைப் பாஸ்டர் 1876இல் பீர் பற்றிய ஒரு பெருநூலாக வெளியிட்டார். எதிரி நாட்டைத் தொழிலில் வெல்ல எண்ணித் தொடங்கிய ஆராய்ச்சி, நூலாக வந்ததும் எல்லா நாட்டாருக்கும் பொதுவாயிற்று.

இரண்டாம் கிண்ணம்: லாகர்

பவேரியாவில் குளிர்ந்த நிலவறைகளில் மெல்ல நொதிக்கவைத்து, பல வாரங்கள் சேமித்துவைக்கும் பீருக்கு லாகர் என்று பெயர். அந்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் படியும் இயல்புடையது. இவ்வகையில் மியூனிக் நகரின் ஷ்பாட்டன் ஆலை புகழ்பெற்றது. அதன் காபிரியேல் செடல்மையரும், வியன்னாவின் ஆன்டன் டிரேயரும் இளைஞர்களாக 1833இல் பிரிட்டனில் பயணம் செய்தார்கள். அங்குள்ள ஆலைகளைப் பார்வையிடும்போது, உள்ளே துளையிட்ட கைத்தடியில் பீர் மாதிரியைத் திருட்டுத்தனமாக எடுத்துவந்து, தங்கும் விடுதியில் அளந்து பார்த்தார்கள்! அறிவு ஒளித்துவைக்கப்பட்ட இடத்தில் களவு முளைப்பது இயல்புதானே.

டென்மார்க் நாட்டின் ஜே. சி. யாகோப்சன் 1845இல் இதே செடல்மையரிடமிருந்து ஈஸ்ட்டைப் பெற்றுக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுசென்றார். வழிநெடுக வண்டி நின்ற இடங்களில் எல்லாம் தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தைக் குளிர்வித்தார் என்று சொல்வார்கள். 1847இல் அவர் தொடங்கிய ஆலைக்குத் தம் மகன் கார்லின் பெயரால் கார்ல்ஸ்பெர்க் என்று பெயரிட்டார். 1870களில் கார்ல் லிண்டே, ஷ்பாட்டன் ஆலையின் ஆதரவுடன் குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கினார். பனிக்கட்டியை நம்பியிருந்த லாகர் தொழில் கோடையிலும் நடக்கலாயிற்று.

யாகோப்சன் 1875இல் தம் ஆலையிலேயே ஓர் ஆராய்ச்சிக்கூடம் நிறுவினார். அதற்கு அவர் விதித்த ஒரு விதி தொழிலுலகில் மிக அரியது: கூடத்தில் கண்டறியும் பயனுள்ள எந்த முடிவையும் இரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது!

விரைவிலேயே அந்த விதிக்குச் சோதனை வந்தது. கார்ல்ஸ்பெர்க் பீரும் கெட்டது. ஆராய்ச்சிக்கூடத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் காரணத்தைக் கண்டார். பாக்டீரியா மட்டுமே பகைவன் அன்று. ஈஸ்ட்டிலேயே நல்லதும் தீயதும் உண்டு. இரண்டும் ஒன்றாய்க் கலந்திருந்தன. எப்படிப் பிரிப்பது? ஈஸ்ட் கலந்த நீரை, ஒரு குப்பியில் ஒரே ஒரு செல் விழும் அளவுக்கு மேலும் மேலும் நீர்க்கச் செய்தார். அந்த ஒற்றைச் செல்லிலிருந்து பெருகிய வம்சம் முழுவதும் ஒரே இனம். இவ்வாறு கிடைத்த தூய ஈஸ்ட், 1883 நவம்பர் 12ஆம் நாள் ஆலையில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது.

இதை இரகசியமாக வைத்திருந்தால் யாகோப்சன் போட்டியாளர்கள் அனைவரையும் வீழ்த்தியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. முறை வெளியிடப்பட்டது, ஈஸ்ட் மற்ற ஆலைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. இன்றைய லாகர் உலகம் பெரிதும் இந்தக் கொடையின்மீது நிற்கிறது. அந்த ஈஸ்ட் இரண்டு இனங்களின் கலப்பு என்று பின்னாளில் தெரியவந்தது. அதன் காணாமற்போன மூதாதையை விஞ்ஞானிகள் 2011இல் தென் அமெரிக்காவின் படகோனியாக் காட்டு மரங்களில் கண்டறிந்தார்கள்.

அதே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வேறு இரண்டு பரிசுகளும் உலகுக்குக் கிடைத்தன. தானியத்தில் எவ்வளவு புரதம் உள்ளது என்று அறிய யோஹன் கெல்டால் 1883இல் ஒரு முறை வகுத்தார். அதாவது, பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுவது. உணவுச் சோதனைக் கூடங்களில் அது இன்றும் வழக்கில் உள்ளது. 1909இல் சோரன்சன், அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவை அறிமுகப்படுத்தினார். நம் விவசாயி மண் பரிசோதனை அட்டையில் காண்பது அந்த அளவுதான். பதநீர் புளிக்காதிருக்கப் பானையில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, அந்தப் பழைய அனுபவ ஞானத்தையும் இந்த அளவால் விளக்கலாம். சுண்ணாம்பு பி.எச். அளவை உயர்த்திவிடுகிறது, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அங்கே செழிக்க இயலாது.

மூன்றாம் கிண்ணம்: ஸ்டவுட்

ஸ்டவுட் என்பது வலிமை மிகுந்த போர்ட்டரின் வழித்தோன்றல். அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் ஆலை இதற்குப் பெயர்பெற்றது. அவ்வாலையும் விஞ்ஞானத்தை மதித்தது. பல்கலைக்கழகப் பட்டதாரிகளை வேலைக்கு அமர்த்தியது. ஆனால் கண்டதை வெளியில் சொல்ல விடவில்லை.

ஆக்ஸ்போர்டில் கணிதமும் இரசாயனமும் படித்த வில்லியம் கோசெட் 1899இல் அங்கே சேர்ந்தார். அவருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. இரு வகை வாற்கோதுமைகளில் எது சிறந்தது என்று அறிய, நான்கைந்து மாதிரிகளை மட்டுமே சோதிக்க முடியும். நான்கு அளவுகளின் சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம்? அக்காலப் புள்ளியியல் நூல்கள் நூற்றுக்கணக்கான அளவுகள் இருந்தால்தான் உதவும். கோசெட் தாமே கணக்கிட்டு ஒரு சூத்திரம் கண்டார். அதைச் சரிபார்க்க, 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் பற்றி முன்பே வெளியாகியிருந்த புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டார். அவற்றை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 சிறு மாதிரிகளாக்கிச் சோதித்தார். சூத்திரம் பொருந்தியது.

இதை வெளியிட ஆலை இசைந்தது. ஆனால் சொந்தப் பெயர் கூடாது, ஆலையின் விவரமும் கூடாது. ஆகவே 1908இல் கட்டுரை ‘ஸ்டூடன்ட்’, அதாவது ‘மாணவன்’ என்ற புனைபெயரில் வெளிவந்தது. இன்று புள்ளியியல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் படிக்கும் ‘ஸ்டூடன்ட் டி-சோதனை’ இதுவே. புதிய மருந்து பயன் தருகிறதா, புதிய நெல் இரகம் மிகுதியாக விளைகிறதா என்று முடிவு செய்ய இது உதவுகிறது. 1937இல் மறையும்வரை கோசெட் அப்புனைபெயரிலேயே எழுதிவந்தார். அவருடைய சோதனை உலகப் புகழ் பெற்றது. அதில் அவர் பெயர் இல்லை. பாதி திறந்த கதவின் வழியே வந்த கணக்கே இவ்வளவு பயன் தந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காம் கிண்ணம்: பேல் ஏல்

தூய ஈஸ்ட்டும் குளிர்பதனமும் ஒரு விந்தையான விளைவைத் தந்தன. எங்கும், எப்போதும், ஒரே சுவையுள்ள பீர் தயாரிக்க முடிந்தது. அதற்கான பெரிய இயந்திரங்களை வாங்க வல்லவர்கள் பெரிய கம்பெனிகளே. சிற்றாலைகள் ஒவ்வொன்றாக மூடின. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு பலவற்றை ஒரேயடியாக முடித்தது. எஞ்சியவற்றைப் போட்டி விழுங்கியது. 1970களின் முடிவில் அந்தப் பரந்த நாட்டில் நூறு ஆலைகள்கூட இல்லை. பல ஊர்களில் வழிவழியாக வந்த சுவைகள் அழிந்தன.

சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையும் மூடும் நிலையில் இருந்தது. 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்னும் இளைஞர் அதில் பெரும்பங்கை வாங்கினார். பழைய பாத்திரங்களில் தயாரான பீர் அடிக்கடி புளித்துப் போயிற்று. அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று நுண்ணோக்கியை எடுத்து ஈஸ்ட்டை ஆராய்ந்தது. பாஸ்டர் காட்டிய வழி நூறாண்டு கழித்து ஒரு சிற்றாலையைக் காப்பாற்றியது. 1975இல் அங்கே தயாரான பேல் ஏல், காஸ்கேட் என்னும் புதிய ஹாப்ஸின் நாரத்தை போன்ற மணத்தால் பெயர் பெற்றது. அந்த ஹாப்ஸ் எந்தத் தனியாருடைய இரகசியமும் அன்று. அரசாங்க விவசாய ஆராய்ச்சியில் உருவாகி 1972இல் பொதுவில் வெளியிடப்பட்டது. இன்று டாப் ரூம்களில் கிடைக்கும் நறுமணப் பேல் ஏல் வகைகளுக்கு இதுவே முன்னோடி. ஆங்கர் ஆலை 2023இல் மூடப்பட்டு, 2024இல் வேறொருவர் கைக்கு மாறியது என்பதையும் சொல்ல வேண்டும்.

1976இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் என்பவர் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். புதிய இயந்திரம் வாங்கப் பணமில்லை. பழைய பால் பண்ணைப் பாத்திரங்களை வெட்டி ஒட்டித் தாமே ஆலையைக் கட்டினார். செய்முறைகளைப் பல்கலைக்கழக நூலகத்தின் பழைய நூல்களில் தேடிப் படித்தார். ஒரு காலத்தில் ஆலைகள் பூட்டிவைத்த வித்தை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி அங்கே அலமாரியில் இருந்தது. 1978இல் வீட்டில் பீர் தயாரிப்பதை அனுமதிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் தம் சமையலறையில் முயன்று, கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். அவர்களில் பலரே பின்னர் சிற்றாலை முதலாளிகள் ஆயினர். 2023இல் அமெரிக்காவின் பீர் ஆலைகள் 9,000க்கும் அதிகம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிற்றாலைகள்.

சுவைகளை ஒன்றாக்கிய அதே விஞ்ஞானம் சுவைகளைப் பலவாக்கியதும் எவ்வாறு? விடை எளிது. ஹான்சனின் முறை ‘இந்த ஒரு ஈஸ்ட்டையே பயன்படுத்து’ என்று சொல்லவில்லை. ‘உனக்கு வேண்டிய ஈஸ்ட்டைத் தனியே பிரித்தெடு’ என்றுதான் கற்பித்தது. பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழ மணம் வீசும்; அதில் பழம் எதுவும் சேர்ப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு ஈஸ்ட் உண்டாக்கும் இரசாயனப் பொருளே அந்த மணம். இத்தகைய தூய ஈஸ்ட் வகைகளைச் சிற்றாலைக்காரரும் இன்று விலைக்கு வாங்கலாம். பெரிய முதலாளி கையில் ஒருமைக்குப் பயன்பட்ட கருவி, பலர் கைக்கு வந்ததும் பன்மைக்குப் பயன்பட்டது.

மெக்காலிஃபின் ஆலை ஆறு ஆண்டுகளே நடந்தது. 1982இல் நட்டத்தால் மூடப்பட்டது. ஆனால் அதன் பாத்திரங்களும், தொழிலாளர்கள் இருவரும், அதன் ஈஸ்ட்டும் அதே மாநிலத்தின் ஹாப்லண்ட் என்ற சிற்றூருக்குச் சென்றன. அங்கே 1983இல் மெண்டசீனோ என்ற புதிய சிற்றாலை, தானே தயாரித்துத் தானே குழாயில் பிடித்துத் தரும் கூடத்தைத் திறந்தது. முதலாளி தோற்றார், அவருடைய ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது. ஒரு துளியைக் கொடுத்தாலும் கொடுத்தவரிடம் குறையாமல், பெற்றவரிடம் பெருகும் இயல்புடையது ஈஸ்ட். அறிவும் அத்தகையதே என்பதைக் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிக்கூடம் 1875லேயே தன் விதியாக எழுதிவைத்தது.